புதுப்பேட்டையில் ஒரு நாள்: தாத்தாவின் ஜீப்புக்கு அம்பாசிடர் ஸ்டீயரிங்!

செங்கல்பட்டிலிருந்து பீச் போகும் எலெக்ட்ரிக் ட்ரெயின். திங்கட்கிழமை காலைக் கூட்டம். உட்கார இடம் கிடைத்ததே அதிசயம். அதில் தாத்தா ஒன்றரை ஆள் இடத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம், மடியில் இருந்த மூட்டை. பழைய வேட்டியில் சுற்றி, சணல் கயிற்றால் கட்டிய பெரிய வட்டம்.

"என்ன பெரியவரே, அப்பளமா?" என்றார் எதிர் சீட்டுக்காரர்.

"ஸ்டீயரிங்" என்றார் தாத்தா. "ரெண்டு."

அதற்கு மேல் அந்த மனிதர் எதுவும் கேட்கவில்லை.

விஷயம் இதுதான். மதுராந்தகம் பக்கத்தில் எங்கள் ஊர். தாத்தாவுக்கு 74 வயது. வீட்டு வாசலில் ஒரு மகேந்திரா ஜீப் பிக்கப் நிற்கிறது. நீள சேஸிஸ் ஜீப்பில் பின்பக்கம் தகரத் தொட்டி கட்டிய வண்டி. ஆர்.சி. புத்தகத்தில் வருடம் 1971. தர்பூசணி, நெல் மூட்டை, கல்யாணப் பந்தல் சாமான், ஒருமுறை பக்கத்து வீட்டுப் பசு என்று அது ஏற்றாத லோடு இல்லை. அதன் ஸ்டீயரிங் வீல் போன வருடம் வெடித்துவிட்டது. வெயிலில் கிடந்து கிடந்து மேல் ரப்பர் பாளம் பாளமாகப் பிளந்து, உள்ளே இரும்புக் கம்பி தெரிந்தது. அதோடு மூன்று கம்பிகளில் ஒன்று அடியோடு விட்டுப்போனது. தாத்தா அதைச் சைக்கிள் டியூப் சுற்றி ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் எஃப்.சி. காட்ட வேண்டும். டியூப் சுற்றிய வீலைக் காட்டினால் இன்ஸ்பெக்டர் என்ன சொல்வார் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாவும் மாமாவும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். "இந்த வயசுல இவருக்கு எதுக்கு இந்த வண்டி? எடைக்குப் போட்டுடலாம்."

எடைக்குப் போட்டால் அந்த வண்டி எங்கே போகும்? பெரும்பாலும் நாங்கள் அன்று போய்க்கொண்டிருந்த அதே புதுப்பேட்டைக்குத்தான்.

மூட்டையில் இருந்த இரண்டு வீல்களில் ஒன்று அந்த உடைந்த ஜீப் வீல். இன்னொன்று அம்பாசிடர் கார் வீல். அது எங்கள் வீட்டு நடையில், காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணியில் பல வருடங்களாகத் தொங்கியது. தாத்தா மதுராந்தகத்தில் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டியவர். கார் போய்விட்டது, வீல் மட்டும் இருக்கிறது. அதை ஜீப்பில் மாட்ட வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

வண்டலூர் தாண்டிப் பெருங்களத்தூர் வந்ததும் ஜன்னலைக் காட்டி, "இங்கதான் பாப்பா ஸ்டாண்டர்டு ஃபேக்டரி இருந்துச்சு. ஹெரால்டு கார் இங்கதான் செஞ்சான்" என்றார். நான் இந்த வழியில் ஆயிரம் முறையாவது போயிருப்பேன். எனக்கு அது அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருக்கும் இடம், அவ்வளவுதான்.

50 வருடம் ஆனால் கௌரவம்... ஆனால்!

ட்ரெயினில் போனை எடுத்து நான் ஒரு வேலை செய்தேன். விண்டேஜ் வாகனங்களுக்கு மத்திய அரசு 2021 ஜூலையில் தனி விதி கொண்டுவந்தது நினைவிருந்தது. முதல் பதிவு நடந்து 50 வருடங்கள் தாண்டிய, வியாபாரத்துக்குப் பயன்படாத வண்டியை விண்டேஜ் என்று பதிவு செய்யலாம். கட்டணம் 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தாத்தாவின் ஜீப்புக்கு 50 தாண்டிவிட்டது. ஆனால் வண்டி பழைய அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறது விதி. கார் வீல் மாட்டினால் அந்த வாய்ப்பு போய்விடுமோ என்று எனக்குக் கவலை.

தாத்தாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இன்ஜினே மாத்தியாச்சு பாப்பா. பெட்ரோல் இன்ஜினைக் கழட்டிட்டு டீசல் வெச்சு எத்தனை வருஷமாச்சு! ஆர்.சி.யிலயும் ஏத்தியாச்சு."

சேஸிஸ், பாடி, இன்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் இருந்தால் விண்டேஜ் கிடையாது. ஆக, அந்தக் கதை அங்கேயே முடிந்தது. அந்தக் காலத்தில் பெட்ரோல் ஜீப் வைத்திருந்த பலரும் செலவு தாங்காமல் டீசலுக்கு மாறியவர்கள்தான். கௌரவத்துக்கு வண்டி வைத்திருந்தவர்களிடம்தான் அசல் வண்டி மிச்சம் இருக்கிறது. பிழைப்புக்கு வைத்திருந்தவர்களிடம் ஓடுகிற வண்டிதான் இருக்கும்.

இந்தத் தெருவில் கதவு, அந்தத் தெருவில் கண்ணாடி

எழும்பூரில் இறங்கி, காந்தி-இர்வின் சாலையைத் தாண்டித் தெற்கே நடந்தால் கொஞ்ச நேரத்தில் காற்றின் வாசனை மாறும். கிரீஸ், எரிந்த இரும்பு, பழைய ரெக்ஸின். அதன் அடியில் மெல்லியதாகக் கூவம். புதுப்பேட்டை வந்துவிட்டது என்று அர்த்தம்.

என் வயதுக்காரர்களுக்குப் புதுப்பேட்டை என்றால் 2006-ல் வந்த தனுஷ் படம். ஆதித்தனார் சாலையிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருக்கும் அசல் புதுப்பேட்டை வேறு. இங்கே ஒரு கார் முழுதாக வந்து, துண்டு துண்டாகத் திரும்பிப் போகும். ஒரு கடையில் கதவுகள் மட்டும், புத்தக அலமாரிபோல வரிசையாக நிற்கின்றன. அடுத்ததில் ஹெட்லைட்கள் மட்டும், நூறு ஜோடிக் கண்கள் நம்மையே பார்ப்பது மாதிரி. சீட், சைலன்சர், ரேடியேட்டர், கியர் பாக்ஸ் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு உறுப்பு. காலையில் திருடுபோன காரை மாலையில் இங்கே பாகம் பாகமாக வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னையில் ஒரு பழைய கிண்டல் உண்டு. அதைச் சொன்னால் கடைக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. நியாயம்தான். "இன்ஷூரன்ஸ் ஏலத்துல எடுக்குற வண்டிக்குப் பேப்பர் வெச்சிருக்கோம். படம் பார்த்துட்டு வந்து பேசுறாங்க" என்றார் ஒருவர்.

ஸ்டீயரிங் சாமான் விற்கும் ஒரு கடைக்கு எங்களைக் கை காட்டினார்கள். கடைக்காரர் பாய்க்கு அறுபதுக்கு மேல் இருக்கும். கூரையிலிருந்து ஸ்டீயரிங் வீல்கள் முறுக்கு மாதிரி கயிற்றில் கோத்துத் தொங்கின.

தாத்தா மூட்டையைப் பிரித்தார். பாய் முதலில் ஜீப் வீலைத் தொடவே இல்லை. அம்பாசிடர் வீலை எடுத்து, விரலால் விளிம்பைத் தடவினார்.

"இது மார்க் டூவா?"

"ஆமா பாய்."

"நல்லா வெச்சிருக்கீங்க. சரி, எதுக்கு இதை ஜீப்புல மாட்டணும்? ஜீப் வீலே தரேன். புதுசு இருக்கு, பழசு இருக்கு. பத்து நிமிஷ வேலை."

அதுதான் எனக்கும் இருந்த கேள்வி. வீட்டில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். தாத்தா யாருக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னதில்லை. பாயிடம் சொன்னார். ஓட்டுநர்கள் ஓட்டுநர்களிடம்தான் பேசுவார்கள்போல.

"22 வருஷம் இதைப் பிடிச்சிருந்தேன் பாய். 2019-ல பாப்பா ஏதோ பத்திரிகைப் படிப்பு படிக்கணும்னுச்சு. ஃபீஸ் கட்ட வேண்டி இருந்துச்சு. வண்டியைக் கொடுத்துட்டேன். வாங்க வந்தவன் கயிறு கட்டி இழுத்துட்டுத்தானே போகப்போறான், ஸ்டீயரிங் எதுக்குன்னு இதை மட்டும் கழட்டிக்கிட்டேன். அதுக்கு 300 ரூபா குறைச்சான் அவன்."

நான் கூரையில் தொங்கிய வீல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார் பழசாகிவிட்டது, அதனால் விற்றார்கள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

பாய் என்னைப் பார்த்துவிட்டு, இரண்டு டீ சொன்னார்.

வட்டம் ஒன்றுதான், நடு வேறு

வெளியே இருந்து பார்த்தால் எல்லா ஸ்டீயரிங்கும் ஒன்றுதான். பிரச்னை நடுவில் இருக்கிறது. ஸ்டீயரிங் ராடின் நுனியில் நீளவாக்கில் பொடிப் பொடியாகப் பற்கள் வெட்டியிருப்பார்கள். 'ஸ்ப்ளைன்' என்பார்கள். வீலின் நடு ஓட்டையிலும் அதே அளவுப் பற்கள் இருக்கும். இரண்டும் கோத்துக்கொண்டால்தான் நாம் திருப்பும்போது ராடும் திரும்பும். மேலே நட்டு போட்டு இறுக்குவது வீல் கழன்று வராமல் இருக்க மட்டும். ஜீப்பின் பல் கணக்கு வேறு, அம்பாசிடரின் பல் கணக்கு வேறு. பாய் ஒரு பழைய ஜீப் ராடு துண்டை எடுத்துவந்து மாட்டிக் காட்டினார். எங்கள் உடைந்த வீல் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. அம்பாசிடர் வீல் நுழையவே மறுத்தது.

கடை வாசலில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வெல்டிங்காரர், "குடுங்க பெரியவரே. ரெண்டு நடுவையும் அறுத்து, ஜீப் நடுவை இதுல வெச்சுப் பத்தவெச்சுடலாம். அரை மணி நேரம், 500 ரூபா" என்றார். தாத்தா என்னைப் பார்த்தார். 500 ரூபாய் நல்ல விலைதான். மதிய ட்ரெயினைப் பிடித்துவிடலாம்.

பாய் வீலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "பம்பரை வெல்டிங் வை, கதவை வை. இதுல வேணாம். இது என்ன இரும்பு, எப்படி வார்த்ததுன்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வெளிய பார்த்தா நல்லா ஒட்டியிருக்கும். உள்ள கீறல் விட்டிருக்கும். திருப்பத்துல கையோட வந்துச்சுன்னா?"

வெல்டிங்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "அதுவும் சரிதான்" என்று பீடியைப் பற்றவைத்தபடி போய்விட்டார்.

பாய் எங்களை இரண்டு சந்து தள்ளி ஒரு லேத் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே சொன்ன வழி இது. முழு இரும்பு உருளை ஒன்றைக் கடைந்து ஒரு புது நடு செய்ய வேண்டும். அதன் ஓட்டையில் ஸ்லாட்டிங் மெஷினில் ஜீப் கணக்குக்குப் பல் வெட்ட வேண்டும். உருளையின் அடியில் தட்டுபோல ஒரு விளிம்பு விட வேண்டும். அம்பாசிடர் வீலின் பழைய பற்களைக் கடைந்து எடுத்துவிட்டு, வீலை அந்தத் தட்டின்மேல் வைத்து, மேலே ஒரு வளையம் போட்டு, ஆறு போல்ட்டில் இறுக்க வேண்டும். வெல்டிங்கே கிடையாது. வேண்டாம் என்றால் ஆறு போல்ட்டைக் கழற்றிவிடலாம். 2,800 ரூபாய். சாயங்காலம் ஆகும்.

லேத்காரர் சாக்பீஸால் அம்பாசிடர் வீலின் நடுவில் ஆறு புள்ளி வைத்தார். பிறகு நிமிர்ந்து, "பெரியவரே, நல்லா யோசிச்சுக்குங்க. பல்லைக் கடைஞ்சு, துளை போட்டா இது திரும்ப அம்பாசிடர்ல ஏறாது" என்றார்.

"ஏற அம்பாசிடர் எங்கப்பா இருக்கு?" என்றார் தாத்தா.

லேத் ஓட ஆரம்பித்தது.

ஜி.பி. ரோட்டில் 14 அங்குல ஆசை

காத்திருக்கும் நேரத்தில் தாத்தாவை அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோட்டுக்கு அழைத்துப் போனேன். புதுப்பேட்டை பழசுக்கு என்றால் ஜி.பி. ரோடு புதுசுக்கு. சீட் கவர், ஸ்பீக்கர், கலர் கலராய் எல்.இ.டி. அங்கே ரேஸ் கார் பாணியில் குட்டி ஸ்டீயரிங் வீல்கள் பளபளவென்று மாட்டியிருந்தன. எனக்கு ஆசையாக இருந்தது. தாத்தா ஒன்றைக் கையில் வாங்கி, ஜாண் போட்டு அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இதை ஜீப்புல போட்டா ரிவர்ஸ் எடுக்க ரெண்டு ஆள் வேணும்."

பழைய வண்டிகளின் வீல் பெரிதாக இருப்பது அழகுக்காக இல்லை. அவற்றில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. கதவுக் கைப்பிடிக்கு உள்ள அதே கணக்கு. நடுவிலிருந்து கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ, அவ்வளவு லேசாகத் திரும்பும். 17 அங்குல வீலை எடுத்துவிட்டு 14 அங்குல வீல் போட்டால், அதே திருப்பத்துக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அதிக பலம் வேண்டும். தர்பூசணி லோடோடு, நின்ற இடத்தில் வண்டியைத் திருப்பும் 74 வயது தோள்பட்டைக்கு அது பெரிய வித்தியாசம். எங்கள் அம்பாசிடர் வீலும் ஜீப் வீலைவிடக் கொஞ்சம் சின்னதுதான். தாத்தா அதை முதலிலேயே அளந்து வைத்திருந்தார். "அது தாங்கும்" என்றார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். இப்போதைய கார்களில் மோதினால் ஸ்டீயரிங் ராடு மடங்கி உள்ளே போகும்படி செய்திருப்பார்கள். அமெரிக்காவில் 1968 முதலே இதற்கு விதி இருக்கிறது. பழைய ஜீப்பில் இருப்பதோ ஒரே நீள இரும்பு ராடு, நெஞ்சைப் பார்த்த ஈட்டி மாதிரி. அதன்மேல் கனமான நடுத் துண்டு வைத்தால், வீல் இன்னும் நெஞ்சுக்குப் பக்கத்தில் வரும். சாயங்காலம் லேத் பட்டறைக்குத் திரும்பியதும் முதல் வேலையாக அந்தத் துண்டின் உயரத்தைப் பார்த்தேன். ஓர் அங்குலத்துக்கும் குறைவு. "தாத்தா தொப்பையைப் பார்த்துத்தாம்மா குறைச்சே வெட்டினேன்" என்றார் லேத்காரர். நான் இணையத்தில் அரை மணி நேரம் படித்ததை அவர் ஒரு பார்வையில் முடித்திருந்தார்.

பால் போட்டது மாதிரி இறுகிய நட்டு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊரில் மாட்டும் வேலை. எங்கள் மெக்கானிக் அண்ணன் வந்தார். முதலில் வண்டியை நேராக நிறுத்தினார். வீலை ஒரு கடைசிக்கும் மறு கடைசிக்கும் திருப்பி, மொத்தச் சுற்றை எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, ராடில் பெயின்டால் ஒரு கோடு போட்டார். அதுதான் நடு. இதைச் செய்யாமல் கழற்றினால் பிறகு வண்டி நேராக ஓடும்போது வீல் கோணலாக நிற்கும்.

நட்டு அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, ஒரு மணி நேரம் கழித்து, பைப் மாட்டித் திருப்பினால் 'டக்'. அதன் பிறகும் வீல் வராது. புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். அடியிலிருந்து சுத்தியலால் தட்டுகிறேன் என்று மாமா முன்வந்தார். அந்த அடி ராடு வழியாகக் கீழே ஸ்டீயரிங் பாக்ஸுக்குப் போகும் என்று அண்ணன் அவரை டீ வாங்க அனுப்பிவிட்டார்.

புது நடு ராடில் அழகாக இறங்கியது. முதல் முறை வீல் லேசாக இடப்பக்கம் சாய்ந்து நின்றது. தூக்கி, ஒரு பல் தள்ளிப் போட்டதும் நேராகிவிட்டது. ஆறு போல்ட்டையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். வண்டி நிஜமாகவே நன்றாக இருந்தது. முகம் ஜீப், கை அம்பாசிடர்.

தாத்தா ஏறி உட்கார்ந்து ஹார்ன் அடித்தார். சத்தம் இல்லை.

வயர் சரி. ஹார்ன் சரி. பேட்டரி சரி. இருபது நிமிடம் எல்லோரும் ஆளுக்கொரு யோசனை சொன்னோம். கடைசியில் அண்ணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். இந்த வண்டியில் ஹார்ன் பட்டனுக்கு ஒரே வயர்தான். பட்டனை அழுத்தினால் அது வீல், நடு, ராடு என்று இரும்பு வழியாகவே எர்த் ஆக வேண்டும். நான்தான் புது நடு துருப்பிடிக்கக் கூடாது என்று முந்தைய நாள் ராத்திரி ஆசையாகக் கறுப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். பெயின்ட் குறுக்கே நின்றுவிட்டது. கழற்றி, இரும்பு உட்காரும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்து மாட்டியதும் தெருவே திரும்பிப் பார்த்தது.

"படிச்ச புள்ளை" என்றார் மாமா.

சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் ஒரு ரவுண்டு போனோம். நான் பக்கத்து சீட்டில். தாத்தா இரண்டு கையாலும் பிடிக்கவில்லை. டாக்ஸி காலத்துப் பழக்கம்போல, வலது கை மட்டும் மேலே, இடது கை கியருக்கு. அம்பாசிடரில் கியர் ஸ்டீயரிங்குக்குக் கீழேயே இருக்கும். இரண்டு முறை அவர் கை அங்கே போய்த் தேடிவிட்டு, தரையில் இருக்கும் ஜீப் கியருக்கு இறங்கியது.

வேலை முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வீலை மாட்டியதும்தான் இன்னொன்று தெளிவாகத் தெரிந்தது. நேர் ரோட்டில் வீலை இங்கும் அங்கும் இரண்டு விரல்கடை ஆட்டினாலும் சக்கரம் அசைவதில்லை. அது வீலின் குற்றமில்லை. கீழே பாக்ஸிலும் ராடு மூட்டுகளிலும் தேய்மானம். பழைய வீல் ஆடியதில் இது தெரியாமலே இருந்திருக்கிறது. எஃப்.சி.யில் முதலில் பார்ப்பதே இந்த ஆட்டத்தைத்தான் என்கிறார் அண்ணன். பால் ஜாயின்ட் நான்கும் மாற்ற வேண்டும். பாய்க்கு போன் செய்தேன். "வாங்கம்மா, எடுத்து வைக்குறேன். பழசு வேணாம், இதுல மட்டும் புதுசு போட்டுக்குங்க" என்றார்.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் புதுப்பேட்டை. இந்த முறை அம்மாவும் வருகிறாராம். எடைக்குப் போடும் பேச்சை அவர் விட்டுவிட்டாரா, இல்லை விலை விசாரிக்க வருகிறாரா என்று தெரியவில்லை.

வீட்டு நடையில் அந்த ஆணி ஒரு நாள்தான் காலியாக இருந்தது. இப்போது அதில் உடைந்த ஜீப் வீல் தொங்குகிறது, சைக்கிள் டியூபோடு.